கற்பவன் கற்பித்தால்: கொடையா, கூலியா?

எந்தப் பணத்துக்கும் கணக்கில் ஒரு தலைப்பு உண்டு. கடையில் வேலை செய்கிறவனுக்குக் கொடுத்தால் சம்பளக் கணக்கு. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் கொடுத்தால் தர்மக் கணக்கு. அவசரத்துக்குக் கொடுத்தால் கைமாற்று. எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை அனாமத்தில் எழுதி வைப்போம். ஆண்டு முடிவதற்குள் அதற்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும். அனாமத்து வளர்ந்துகொண்டே போனால் அந்தக் கணக்கில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நாற்பது வருடத்துக்கு மேலாக மும்பையில் காகித வியாபாரம் செய்கிறவன் நான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றுபோனவன். படித்ததெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து, கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் படித்ததுதான். ஆகவே வரலாற்றைப் பார்க்கும்போதும் எனக்குப் பேரேடுதான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பதிவு. மேற்படிப்பு படிக்கிற மாணவர் தமக்கு இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறார், செய்முறை வகுப்பு நடத்துகிறார், விடைத்தாள் திருத்துகிறார். டீச்சிங் அசிஸ்டன்ட் என்கிறார்கள், டி.ஏ. என்று சுருக்கமாக. அதற்காக மாதாமாதம் ஒரு தொகை வருகிறது. இது எந்தத் தலைப்பில் சேரும்? படிப்பதற்காகக் கொடுக்கும் கொடையா, வேலைக்குக் கொடுக்கும் கூலியா? நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளை பவாயிலோ கான்பூரிலோ அமெரிக்காவிலோ மேற்படிப்பு படிக்காத வீடு குறைவு. எனவே இது நமக்கு வீட்டு விஷயமும்கூட.

கால், கால், அரை

படிக்கிறவன் பாடம் சொல்வது புதிய வழக்கமல்ல. சமண முனிவராகிய பவணந்தியார், சீயகங்கன் கேட்டுக்கொண்டதற்கிணங்க 13ஆம் நூற்றாண்டில் செய்த நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இதற்குக் கணக்கே போட்டிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை ஒருவன் எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது புலமையில் கால்பங்குதான். உடன் படிப்பவரோடு பழகிப் பேசுவதால் இன்னொரு கால். மீதி அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துச் சொல்லும்போதுதான் நிரம்புகிறது என்பது அவர் கருத்து. பாதிப் படிப்பு பாடம் சொல்வதில் இருக்கிறது என்று இலக்கண நூலிலேயே எழுதி வைத்த சமுதாயம் நம்முடையது.

ஆனால் இந்தக் கணக்குக்கு இரண்டு முனை உண்டு. பாடம் சொல்வதும் உன் படிப்பில் ஒரு பகுதி என்றால், அதற்கு எதற்குத் தனியாகக் காசு என்று கொடுப்பவர் கேட்கலாம். இப்போதும் கேட்கிறார்கள். அதே பாயிரம் யாருக்குப் பாடம் சொல்லலாம் என்று பட்டியல் இடும்போது, மிகுந்த பொருள் கொடுப்பவனையும் வழிபட்டு நிற்பவனையும் ஒரே வரிசையில் வைக்கிறது. காசு கொடுத்துப் படிப்பது ஒரு வழி. காசில்லாதவன் ஊழியம் செய்து படிப்பது இன்னொரு வழி. ஊழியத்துக்கு மதிப்பு உண்டு என்பதைப் பவணந்தியார் மறைக்கவில்லை. அது கட்டணத்துக்கு ஈடாக நின்றது.

எண்ணாயிரத்து நெல்

மாணவருக்குத் தொகை கொடுத்ததற்கு நல்ல சாட்சி என் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம். ஊருக்கு அருகில் குன்றில் சமணர் படுக்கைகள் இருக்கின்றன. ஊர்ப்பெயரையே எண்ணாயிரம் சமணரோடு சேர்த்துக் கதை சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அங்குள்ள பெருமாள் கோயிலில் இருக்கும் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. கோயிலைச் சார்ந்து ஒரு கல்லூரி. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். வேதமும் அதன் துணைப் பாடங்களும் ஓதிய இளைய மாணவர் 270 பேருக்கு நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 6 நாழி நெல். வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் என்று மேற்படிப்பு படித்த 70 பேருக்கு ஆளுக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது 10 நாழி. ஆசிரியர்களுக்கு இதைவிடப் பன்மடங்கு.

இளையவர் 270 பேருக்கு 1,620 நாழி, மூத்தவர் 70 பேருக்கு 700 நாழி. ஆக நாளுக்கு 2,320 நாழி. 96 நாழி ஒரு கலம் என்று வைத்தால் 24 கலத்துக்கு மேல் வருகிறது. தினமும் இவ்வளவு நெல் அளக்கிற இடத்தில் கணக்குப்பிள்ளை சும்மா இருந்திருக்க மாட்டார். எனக்கு இதில் பிடித்த விஷயம் என்னவென்றால், தலைப்பில் குழப்பமே இல்லை. படிக்கிறவனுக்குப் படிப்பதற்காக நெல். மேற்படிப்பு என்றால் கொஞ்சம் கூடுதல் நெல். சொல்லிக்கொடுக்கிறவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக நெல். மூத்த மாணவர் இளையவர்க்குப் பாடம் சொன்னால்தான் அந்த 10 நாழி என்று கல்வெட்டு சொல்லவில்லை. சம்பளம் என்ற சொல்லே சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து வந்தது என்பார்கள். கூலி என்பதைக் கூலத்தோடு, அதாவது தானியத்தோடு சேர்ப்பார்கள். எப்படியோ, நெல்லாக அளந்த காலத்தில் கொடையும் கூலியும் தனித்தனியாகத்தான் அளக்கப்பட்டன.

எழும்பூரில் ஒரு பாதிரியார்

குழப்பம் தொடங்கியது, நான் பார்த்த வரையில், சென்னையில். அதுவும் நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான்.

திண்ணைப் பள்ளியில் வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகளோ அரிச்சுவடி படிப்பவன் முதல் எண்சுவடி முடித்தவன் வரை பல தரம். வாத்தியார் இல்லாத நேரத்திலும், இருந்தாலும் அவர் கை ஓயாத நேரத்திலும், மூத்த பையன் ஒருவன் சின்னவர்களை மணலில் எழுத வைப்பான், முறை சொல்ல வைப்பான், பிரம்பையும் பிடிப்பான். இவன்தான் சட்டாம்பிள்ளை. இவனுக்குச் சம்பளம் கிடையாது. கிடைத்தது அதிகாரம். சட்டாம்பிள்ளைக்கு வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்து கொடுத்து அடியிலிருந்து தப்பித்த கதை எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் எல்லோரிடமும் இருந்தது. அதை யாரும் ஊதியம் என்று சொல்லவில்லை. ஆனால் வரவு வரவுதானே!

1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பிறந்து ஆதரவின்றி நின்ற பையன்கள் அங்கே படித்தார்கள். ஒரு நாள் அவர் வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர் அது முடியாது என்று விட்டார். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுப் பையனை, ஒரு சாதாரணச் சிப்பாயின் மகனை, அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக வைத்தார். பையன் செய்து காட்டினான். பிறகு வகுப்புக்கு வகுப்பு மாணவரே மாணவர்க்கு ஆசிரியர் ஆனார்கள். 1796இல் ஊர் திரும்பிய பெல், 1797இல் லண்டனில் இதைச் சிறு நூலாக அச்சிட்டார். "சென்னை முறை" என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுதும் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் தாமும் இப்படி ஒரு முறையைக் கண்டேன் என்று கிளம்ப, இருவர் கட்சிக்கும் பல ஆண்டு சண்டை நடந்தது. ஸ்காட்லாந்தில் பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர். நம் சட்டாம்பிள்ளைக்கு அங்கே சிலை இல்லை. பெயராவது நின்றதே.

இந்த முறை ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது? எட்டு வயது ஃபிரிஸ்கனின் திறமை ஒரு காரணம்தான். பெரிய காரணம் செலவு. ஒரு பெரியவரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்றால் எந்தத் தர்மகர்த்தா வேண்டாம் என்பார்? நம் ஊர்ப் பள்ளிகளைப் பற்றிச் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்கச் சொன்னபோது, பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் இதைத் தெளிவாகவே சொல்கிறார். மணலில் எழுத வைக்கும் சிக்கனத்தையும், முன்னேறிய மாணவர் பின்தங்கியவர்க்குக் கற்பித்து அதே நேரத்தில் தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் முறையையும் பாராட்டி, இங்கிலாந்து இதைக் காப்பியடித்தது தகும் என்று எழுதினார். தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் இந்த அறிக்கையை முழுதாகப் படிக்கலாம். சிக்கனம் ஒன்று; கற்பிப்பவனுக்கே படிப்பு என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கட்டினார் கேம்ப்பெல். இரண்டாவது காரணம் பவணந்தியார் சொன்னது, சத்தியமானது. முதல் காரணம் கஜானாவுக்குச் சௌகரியமானது. சத்தியத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டு சௌகரியம் நடந்துவருவதை வியாபாரத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்துக்காரர்களே சீக்கிரம் இதன் குறையைக் கண்டுகொண்டார்கள். சம்பளமில்லாத சிறுவன் சொல்லும் பாடம் ஓர் அளவுக்கு மேல் போகாது. 1846இல் அரசாங்கம் "மாணவ ஆசிரியர்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 13 வயது நிரம்பியிருக்க வேண்டும், 5 ஆண்டு பயிற்சி, ஆண்டுதோறும் பரீட்சை. முதல் ஆண்டு 10 பவுன், ஆண்டுக்கு இரண்டரை பவுன் ஏறி, ஐந்தாம் ஆண்டில் 20 பவுன். படித்துக்கொண்டே கற்பிப்பவருக்கு இன்ன தகுதி, இன்ன தொகை என்று அரசாங்கம் அட்டவணை போட்டுத் தெளிவாக்கியது. 1862இல் விதிகளை மாற்றி அந்த நேரடித் தொகையை நிறுத்தினார்கள் என்பது வேறு கதை.

மடத்திலிருந்து கல்லூரிக்கு

நம் பக்கம் மேற்படிப்பு அப்போது மடங்களில் நடந்தது. உ.வே. சாமிநாதையர் 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். பிள்ளையவர்கள் 1876இல் மறைந்த பின், திருவாவடுதுறை ஆதீனத்து சுப்பிரமணிய தேசிகரிடம் தாம் பாடம் கேட்டுக்கொண்டே, மடத்தில் இளையவர்களுக்குப் பாடம் சொல்லவும் செய்தார். இன்றைய பேச்சில் சொன்னால் அவரும் ஒரு டி.ஏ.தான். சாப்பாடு, துணிமணி, இருக்க வீடு எல்லாம் மடம் பார்த்துக்கொண்டது. தொகை என்று பேசிக்கொள்ளவில்லை. தேசிகரின் அன்பு அப்படி. 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்ற இடத்தில் கும்பகோணம் கல்லூரிக்குப் போனபோதுதான் மாதம் 50 ரூபாய் என்று ஓர் எண் வருகிறது.

மடத்து ஆதரவு உயர்ந்ததா, 50 ரூபாய் உயர்ந்ததா என்று பட்டிமன்றம் வைக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். மடத்தில் எல்லாம் கிடைத்தது. ஆனால் எதையும் கேட்டு வாங்கும் நிலை இல்லை. கல்லூரியில் 50 ரூபாய்க்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் தேதி பிறந்தால் அது அவருடையது.

தூய கொடைக்கும் ஓர் உதாரணம் காட்டிவிடுகிறேன். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கராக இருந்த ராமானுஜனுக்கு, 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது, இரண்டு ஆண்டுக்கு. பட்டம் இல்லாதவருக்கு விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை. யாருக்கும் பாடம் எடுக்கச் சொல்லவில்லை, விடைத்தாள் திருத்தச் சொல்லவில்லை. எண்ணாயிரத்து 10 நாழி நெல்லின் வம்சம் அது.

1961

சட்டப் புத்தகம் புரட்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. விற்பனை வரி ஆபீசில் காத்திருந்த காலத்தில் தொற்றிய வியாதி. அப்படிப் புரட்டும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரே ஆண்டில், 1961இல், பாராளுமன்றம் மூன்று சட்டங்கள் இயற்றியிருக்கிறது. வருமான வரிச் சட்டம். தொழில் பழகுநர் சட்டம். ஐ.ஐ.டி.களுக்கான தொழில்நுட்ப நிலையங்கள் சட்டம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் நம் டி.ஏ. மாணவரின் ஜாதகம் கிடைத்துவிடுகிறது.

வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு, கல்விச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு வரிவிலக்கு கொடுத்தது. தொழில் பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்றது. ஆகவே தொழிலாளர் சட்டங்கள் அவரைத் தொடாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிலாளி இல்லை என்று சொன்ன அந்தச் சட்டமே, பழகுநருக்கு இவ்வளவுக்குக் குறையாமல் உதவித்தொகை தர வேண்டும் என்று முதலாளியைக் கட்டியும் போட்டது. லேத் பட்டறையில் வேலை பழகும் பையனுக்கு ஒரு சட்டம் கிடைத்தது. வகுப்பறையில் வேலை பழகும் பட்டதாரிக்கு அப்படி ஒரு சட்டம் அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அவருடைய தொகை, வேலை நேரம் எல்லாம் அமைச்சகத்தின் சுற்றறிக்கையிலும் நிலையத்தின் விதியிலும்தான்.

அந்த விதிகள் என்ன சொல்கின்றன? ஐ.ஐ.டி.யில் கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேருகிறவருக்கு அரைநேரக் கற்பித்தல் உதவியாளர் என்று பெயர். வாரத்துக்கு 8 மணி நேரம் துறை சொல்கிற வேலை செய்ய வேண்டும். டுடோரியல், லேப், விடைத்தாள், எது வேண்டுமானாலும் வரலாம். மதிப்பெண் குறைந்தால் தொகை நிற்கலாம். ஒப்படைத்த வேலை திருப்தியாக இல்லாவிட்டாலும் நிற்கலாம். தொகை 2010க்கு முன் மாதம் 5,000 ரூபாய், பிறகு 8,000. 2014 இறுதியில் 12,400.

இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் 8 மணி என்றால் மாதம் சுமார் 35 மணி. 12,400ஐ 35ஆல் வகுத்தால் மணிக்கு 350 ரூபாய்க்கு மேல். கூலி என்று எடுத்துக்கொண்டால் குறை சொல்ல முடியாது. என் கடையில் அப்படி யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் அந்த மாணவர் முழுநேரப் படிப்பில் இருக்கிறவர். வெளியில் வேறு வேலைக்குப் போகக்கூடாது. அப்போது அந்த 12,400 என்பது 35 மணியின் விலை இல்லை, 30 நாளின் ஜீவனம். ஜீவனம் என்று எடுத்துக்கொண்டால் பெரிய நகரத்தில் அது எதற்குப் போதும்? ஆக, குறைவு என்று கேட்டால் "8 மணி வேலைதானே" என்று கூலிக் கணக்கைக் காட்டலாம். கூலியை உயர்த்து என்றால் "இது உதவித்தொகை அப்பா" என்று கொடைக் கணக்கைக் காட்டலாம். இரண்டு பேரேடு வைத்திருக்கிற முதலாளிக்கு எப்போதும் சௌகரியம்தான்.

ஆராய்ச்சி மாணவர் விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2007இல் மாதம் 12,000, 2010இல் 16,000, 2014 அக்டோபரிலிருந்து 25,000, 2019 ஜனவரியிலிருந்து 31,000, 2023 ஜனவரியிலிருந்து 37,000. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆணைகளைப் படித்தால், விடுதியில் இடம் கிடைக்காதவருக்கு வீட்டு வாடகைப்படி உண்டு; அதற்கு உதவித்தொகையையே அடிப்படைச் சம்பளமாக வைத்துக் கணக்கிட வேண்டும் என்று இருக்கிறது. அதே ஆணைகளில் அகவிலைப்படி கிடையாது என்றும் இருக்கிறது. வீட்டு வாடகைக்கு அவர் உத்தியோகஸ்தர். விலைவாசிக்கு அவர் மாணவர். அகவிலைப்படி இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தானாக ஏறும். இல்லாததால்தான் நாலு வருஷத்துக்கு ஒரு முறை தெருவில் இறங்கிக் கேட்க வேண்டியிருக்கிறது. 2019 ஜனவரி உயர்வும் நாடு முழுதும் ஆராய்ச்சி மாணவர்கள் பதாகை பிடித்த பிறகுதான் வந்தது. எம்.டெக். மாணவரின் 12,400 அப்போதும் ஏறவில்லை, 2023இலும் ஏறவில்லை.

என் தங்கை மகன் ஒருவன் இப்படி ஒரு நிலையத்தில் படித்தான். பெயர் வேண்டாம். ஒரு பருவத்தில் நூறு பேருக்கு மேல் விடைத்தாள் திருத்தினான். நாலு மாதம் பணம் வரவில்லை. "சம்பளம் வரலியேடா, கேக்கறதுதானே" என்றேன்.

"மாமா, அது சம்பளம் இல்ல, ஸ்டைப்பண்டு. வரும்போதுதான் வரும்."

"நீ வேலைக்குப் போகலேன்னா குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க."

"அப்ப அது என்னடா?"

அவன் பதில் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் மொத்தமாக வந்தது. வந்ததும் மெஸ் பாக்கிக்குப் போனது. எங்கள் சமயத்தில் அன்னம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்று நான்கு தானம் சொல்வார்கள். சாஸ்திரம் என்றால் கல்வி. தானத்துக்கு ஒரே இலக்கணம், கைம்மாறு எதிர்பார்க்கக் கூடாது. வாரம் 8 மணி எதிர்பார்த்தால் அது நல்ல ஏற்பாடாக இருக்கலாம், நியாயமான ஏற்பாடாகவும் இருக்கலாம். தானமாக இருக்காது.

கடல் கடந்து

அமெரிக்காவிலும் கதை கொடையாகத்தான் தொடங்கியது. 1876இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 20 பேருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வீதம் ஆராய்ச்சிக்காகக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கல்லூரிகளில் கூட்டம் பெருகியபோது, முதலாண்டு வகுப்புகளைத் தாங்கும் சுமை மேற்படிப்பு மாணவர் தலையில் ஏறியது. அவர்கள் பேரேட்டைக் கேட்டுவிட்டார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து டி.ஏ.க்கள் 1966இல் சங்கம் அமைத்து, 1970இல் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் வாங்கினார்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் இவர்கள் தொழிலாளரா என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2000இல் ஆம் என்றது, 2004இல் இல்லை என்றது, 2016இல் மறுபடி ஆம் என்றது. 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் மேற்படிப்பு மாணவர்கள். அவர்கள் சேர்ந்திருந்த சங்கம் எது தெரியுமா? மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம். வேதியியல் படிக்கிற பிள்ளைக்கும் கார் பூட்டுகிற தொழிலாளிக்கும் ஒரே கொடி. லேத் பட்டறைப் பையனையும் வகுப்பறைப் பட்டதாரியையும் நம் 1961 பிரித்து வைத்தது. அவர்கள் ஊரில் தாமாகவே சேர்ந்துகொண்டார்கள்.

நாலு முதல் ஆறு மணி

திரும்ப நம் நாட்டுக்கு வருவோம். எல்லோருக்கும் 37,000 என்று நினைத்துவிடக் கூடாது. தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகை கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி. சேர்ந்தவருக்கு மாதம் 8,000 ரூபாய் என்று ஒரு திட்டம். 2015 அக்டோபரில் அதையே நிறுத்தப் போவதாக யு.ஜி.சி. முடிவெடுக்க, டெல்லியில் அதன் அலுவலக வாசலில் மாணவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். திட்டம் பிழைத்தது, 8,000 மட்டும் 8,000ஆகவே இருந்தது. 2018இல் பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை வந்தது. முதல் இரண்டு ஆண்டு மாதம் 70,000, ஐந்தாம் ஆண்டில் 80,000. அதை வாங்குகிறவர் பக்கத்துப் பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ வாரம் ஒரு முறை பாடம் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தொகையையும் வேலையையும் ஒரே காகிதத்தில் எழுதிய நேர்மையை நான் பாராட்டுகிறேன். 2019 செப்டம்பரில் ஐ.ஐ.டி. கவுன்சில் எம்.டெக். கட்டணத்தை உயர்த்தத் தீர்மானித்தபோது, அந்த 12,400ஐ நிறுத்தும் யோசனையும் கூடவே வெளிவந்தது. எதிர்ப்பு கிளம்பியது.

2022 நவம்பரில் யு.ஜி.சி. பி.எச்.டி.க்கான புதிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. ஆராய்ச்சி மாணவர் எந்தத் துறையினராக இருந்தாலும் கற்பிக்கும் முறையிலும் எழுதும் முறையிலும் பயிற்சி பெற வேண்டும் என்றது. பவணந்தியார் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அடுத்து, டுடோரியல், ஆய்வகம், மதிப்பீடு ஆகியவற்றுக்காக வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி உதவிப் பணி அவருக்கு ஒதுக்கலாம் என்றது. அந்த விதியில் மணி இருக்கிறது, தொகை இல்லை. அது வெளிவந்த நாளில் 31,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த மாணவரும், 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த மாணவரும், ஒன்றுமே வாங்காமல் படித்துக்கொண்டிருந்த மாணவரும் அந்த ஒரே வாக்கியத்தின் கீழ்தான் வந்தார்கள்.